கட்டணத்துக்கு முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்கூபா டைவிங் பழக விரும்புவோர் பலரும் நிறுவனத்திடம் முதலில் கேட்பது கட்டணத்தைத்தான். ஒரு பயிற்றுநரின் பொறுப்பில் எத்தனை பேர் இறங்குவார்கள், படகில் அவசரகால ஆக்சிஜன் இருக்கிறதா என்று விசாரிப்பவர்கள் அரிது. அடிப்படைச் சான்றிதழ் பெற்றவருக்கே வழக்கமான வரம்பு 18 மீட்டர்தான் என்றிருக்க, புதியவரை ‘ஒன்றும் ஆகாது’ என்று அதற்கும் கீழே அழைத்துச் செல்பவரைத் தவிர்ப்பதே நல்லது.

40 மீட்டரைத் தாண்டும் டெக்னிக்கல் டைவர்களின் தேவை வேறு. சிலிண்டரில் உள்ள வாயுக் கலவையை டைவரே அனலைசரில் சோதித்து, ஆக்சிஜன் சதவீதத்தையும் இறங்கத்தக்க ஆழத்தையும் எழுதி ஒட்டும் வழக்கம் அங்கே இருக்க வேண்டும். கலவையில் ஆக்சிஜன் கூடக் கூட இறங்கத்தக்க ஆழம் குறையும்; தூய ஆக்சிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பே வரக்கூடும் என்பதால் இது வெறும் சம்பிரதாயமன்று. ஒருமுறை, ‘நேற்றே பார்த்தாயிற்று’ என்று எதுவும் எழுதாத சிலிண்டரை என்னிடம் நீட்டினார்கள். முன்பணம் போனாலும் போகட்டும் என்று இறங்காமலே திரும்பிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்