செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். ஜூன் மாதம் பள்ளி மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்கப்பட்டன. சுதந்திர தினத்தன்று கொடியேற்றினோம். ஐப்பசி மழையில் ஒழுகிய சங்கக் கட்டடத்தின் கூரை சரிசெய்யப்பட்டது. பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் வழக்கம்போல் நடைபெற்றன.

சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது, சென்ற பொதுக்குழுவில் என் பொறுப்பில் விடப்பட்ட ஜவுளிக் கல்வி வழிகாட்டும் பணியைப் பற்றித்தான். கடற்கரைப் பிள்ளைகளுக்கும் ஜவுளிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று இரண்டு மூன்று உறுப்பினர்கள் கேட்டார்கள். கோவை வட்டார நூற்பாலைகளில் 28 ஆண்டுகள், அதில் பெரும்பகுதி தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில், வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில் அதற்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். மண்டபம் முதல் கீழக்கரை வரை, திருப்பூருக்கோ கோவைக்கோ திண்டுக்கல்லுக்கோ ஒரு பிள்ளையாவது வேலைக்குப் போகாத தெரு இல்லை. ஆனால் பள்ளி முடித்த கையோடு ஆலை விடுதிக்குப் போகும் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது நூலைக் கூம்பு உருளையில் சுற்றும் கோன் வைண்டிங்கும், பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுவதும்தான். இயந்திரம் முதலில் பறித்துக்கொள்வதும் இத்தகைய வேலைகளைத்தான். வைண்டிங்கில் இழை அறுந்தால் முன்பு பெண்கள் கையால் முடிச்சுப் போட்டார்கள்; இன்று ஆட்டோகோனர் என்ற தானியங்கி இயந்திரம் அறுந்த இடத்தைத் தானே கண்டறிந்து, முடிச்சே தெரியாமல் இழையை இணைத்துவிடுகிறது. நாடா ஓடும் விசைத்தறியில் நிமிடத்துக்குச் சுமார் 150 ஊடை, அதாவது குறுக்கிழை, விழுந்த இடத்தில், காற்றால் இழையைச் செலுத்தும் ஏர்ஜெட் தறியில் 800க்கு மேல் விழுகிறது. அந்தத் தறிக்கு ஆள் குறைவாகத்தான் வேண்டும், ஆனால் அந்த ஆளுக்குப் படிப்பு வேண்டும். 2011இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பின், சாயம் போடத் தெரிந்தவருக்கு இணையாக நீரின் வேதியியல் தெரிந்தவரும் தேவைப்படுகிறார். உலகில் உற்பத்தியாகும் இழையில் பாதிக்கு மேல் இன்று பாலியெஸ்டர் என்பதால், பஞ்சு ஒன்றை மட்டும் படித்துவிட்டு வருபவருக்கு இத்தொழிலில் பாதிக் கதவு மூடியே இருக்கும்.

செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை சனிக்கிழமை மாலைகளில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் 14 பேருக்குச் சங்கக் கட்டடத்தில் வகுப்பு எடுத்தேன். நூலின் பருமனைக் குறிக்கும் டெனியர் என்ற அளவை விளக்க முதல் இரண்டு வாரமும் கரும்பலகையில் எழுதிப் பார்த்தும் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் வாரம் வலைக்கடையிலிருந்து நைலான் நூல் உருண்டை ஒன்றை வாங்கிச் சென்று மேசைமேல் வைத்தேன். அதன் சீட்டில் 210/2/3 என்று அச்சிட்டிருந்தது. நாட்டுப்படகு மீனவர் ஒருவரின் மகள் அதைக் கையில் எடுத்து, நுனியை நகத்தால் பிரித்து, மூன்று புரிகளைத் தனித்தனியாகப் பிடித்துக் காட்டி, ஒவ்வொரு புரிக்குள்ளும் இரண்டு இழை இருப்பதாகத் தன் அப்பா சொல்லியிருக்கிறார் என்றாள். அந்த இழைதான் 210 டெனியர், அதாவது 9,000 மீட்டர் நீளத்துக்கு 210 கிராம் எடை என்று நான் சொல்லி முடிப்பதற்குள், ஆறு இழைக்கு 1,260 கிராம் என்று வகுப்பே கணக்குப் போட்டுவிட்டது. வலை என்பதும் ஜவுளிதான் என்று அன்றைக்குப் பிறகு நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீன்வலை, படுதா, கரை அரிப்பைத் தடுக்கும் விரிப்பு ஆகியவற்றை உள்ளடக்கிய தொழில்நுட்ப ஜவுளிக்கென்றே மத்திய அரசு 2020இல் 1,480 கோடி ரூபாயில் ஓர் இயக்கத்தை அறிவித்திருப்பதையும் அவர்களிடம் சொன்னேன்.

நம் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலில் மூழ்கி எடுக்கும் கட்டக்கோரைப் பாசியிலிருந்துதான் அல்ஜினேட் என்ற பசைப்பொருள் கிடைக்கிறது. பருத்தித் துணியில், இழையோடு வினைபுரிந்து ஒட்டும் ரியாக்டிவ் சாயத்தால் அச்சிடும்போது சாயக் குழம்பைக் கெட்டியாக்க அதைச் சேர்க்கிறார்கள். மாவுப்பசையைச் சேர்த்தால் சாயம் பசையோடும் வினைபுரிந்து துணியை விறைப்பாக்கிவிடும். அல்ஜினேட் அலசினால் போய்விடும். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிள்ளை நம் ஊரில் உருவாக வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்குக் காரணம் உண்டு. இம்பூறல் எனப்படும் சாயவேர் ஒரு காலத்தில் நம் மணற்கரையில் தோண்டப்பட்டது. 1869இல் அதன் சிவப்புக்குக் காரணமான அலிசரினைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியை ஐரோப்பாவில் கண்டுபிடித்தபோது, வேர் தோண்டியவர்களுக்குத் தங்கள் பிழைப்பு ஏன் போகிறது என்று சொல்ல ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றின் ஜவுளித் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு, சேலம் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தின் மூன்றாண்டுப் பட்டயம் ஆகியவை குறித்தும், அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பது குறித்தும், புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் குறித்தும் பெற்றோரிடம் வீடு வீடாகச் சென்று விளக்கினேன்.

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் போதும் என்று நாம் இருந்துவிட முடியாது. நம் உதவியால் முன்பு படித்த ஒரு மாணவியின் கல்லூரியில், தறி நான்கு ஆண்டும் துணி போட்டு மூடியே இருந்தது. தறியில் பாவு இழைகளைக் கோக்கும் விழுதிலும் அச்சிலும் ஓர் இழைகூடக் கோத்துப் பார்க்காமல் பட்டம் வாங்கிய அவள், நேர்முகத் தேர்வில் கையில் கொடுக்கப்பட்ட துணித்துண்டுக்கு அங்குலத்தில் எத்தனை பாவு (நெடுக்கிழை), எத்தனை ஊடை என்று எண்ணத் தெரியாமல் திரும்பிவந்து என்னிடம் அழுதாள். மறுநாளே இழை எண்ணும் லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அவளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தேன். அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டாள். நான்கு ஆண்டில் அந்த அரை மணி நேரம் அவளுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். ஆகவே, விடுமுறையில் ஆலைப் பயிற்சிக்குச் செல்லும் மாணவருக்குத் தங்குமிட, உணவுச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும் என்ற தீர்மானத்தைச் செயற்குழுவின் முன் வைத்தேன்.

அத்தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை. ஆறு முறை கூட்டிய செயற்குழு, கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை, இல்லாமல் நான்கு முறை ஒத்திவைக்கப்பட்டது. கடலுக்குப் போக வேண்டியிருந்தது என்று சொன்னவர்களின் நிலை எனக்குப் புரிகிறது. ஆனால் மீன்பிடித் தடைக்காலமான மே மாதத்தில் கூட்டிய கூட்டத்துக்கும் ஐந்து பேர்தான் வந்தோம். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். உறுப்பினர்களில் பாதிப் பேர்கூட அதைச் செலுத்தவில்லை. சிலருக்கு மூன்றாண்டு நிலுவை இருக்கிறது. ஜனவரியில் மாணவர்களைத் திருப்பூருக்கு அழைத்துச் செல்லப் பேசிவைத்த வேனை, முன்பணம் கட்ட முடியாமல் ரத்து செய்ய நேர்ந்தது. அந்தச் சனிக்கிழமை அந்த 14 பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக் காரணம் சொன்னவன் நான் என்பதை உறுப்பினர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

வரவு செலவைப் பொறுத்தவரை, வரவு ஏறக்குறைய செலவுக்குச் சரியாக இருந்தது. கூரைச் செலவால் சிறு பற்றாக்குறை ஏற்பட்டு, நன்கொடையால் ஈடுகட்டப்பட்டது. விவரங்களைப் பொருளாளர் அவர்கள் சமர்ப்பிப்பார்கள். தலைவர் அவர்களுக்கும், பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், கட்டடத்துக்கு மின்கட்டணம் செலுத்திய அன்பருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டும் இப்பொறுப்பில் தொடருமாறு சிலர் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு வயது அறுபத்திரண்டு. வகுப்பெடுக்க உடலில் தெம்பு இருக்கிறது, வாசல் வாசலாகச் சந்தா கேட்கத்தான் மனம் வரவில்லை. லென்ஸ் மூன்று, துணி மாதிரிகள் அடங்கிய பெட்டி ஒன்று, அந்த வலைநூல் உருண்டை ஆகியவை சங்க அலமாரியில் இருக்கின்றன. சாவி என்னிடம் உள்ளது. நிலுவைச் சந்தாவை ஜூன் 15க்குள் செலுத்தினால், கல்லூரி திறக்கும்போது மூன்று மாணவரின் பயிற்சிச் செலவுக்காவது வழி பிறக்கும். ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்தபின் வாசலருகே இருப்பேன்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்