கவனமில்லாமல் விழுந்தவள் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மலைநடைக் கட்டுரையில், ‘கவனமாக நடப்பவர் வழுக்கி விழுவதில்லை’ என்று ஒரு வரி. கட்டுரையாளர் இதுவரை விழுந்ததில்லை போலும். சந்தோஷம். நான் விழுந்திருக்கிறேன். இதை எழுதும் வலது மணிக்கட்டுக்குள் ஓர் உலோகத் தகடு இருக்கிறது.

அன்று நான் வேடிக்கை பார்க்கவில்லை. கைப்பேசி பைக்குள் கிடந்தது. உச்சிக்குப் போய்த் திரும்பி, அடிவாரம் கண்ணில் படுகிற தூரத்துக்கு வந்தாயிற்று. ஈரப் பாறை, பாசி, நனைந்த வேர் என்றால் யாரும் பார்த்துத்தான் கால் வைப்பார்கள். என்னைக் கவிழ்த்தது காய்ந்த பாறைமேல் சிதறிக் கிடந்த பொடிச்சரளை. கோலிக்குண்டு மாதிரி உருண்டது. பயத்தில் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தேன். பாரம் குதிகாலுக்குப் போன மாத்திரத்தில் கால் முன்னால் ஓடிவிட்டது, கையை ஊன்றினேன். முட்டியைச் சற்று மடக்கி, எட்டைச் சிறிதாக்கி, பாரத்தைப் பாதத்துக்கு நேர்மேலே வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆறு மணி நேரம் நடந்த தொடைக்குத்தான் தெரியவில்லை. இறங்கும்போது ஒவ்வோர் எட்டுக்கும் பிரேக் போடுவது அந்தத் தசைதானே? அது ஓய்ந்தபின் கவனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

தாங்கள் அறியாததல்ல. 1865-இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மாட்டர்ஹார்ன் உச்சியை முதன்முதலில் தொட்ட ஏழு பேரில் நால்வர் மாண்டது இறங்கும் வழியில்தான்.

இந்த ஒரு வரி என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஊன்றுகோலைக் ‘கிழவர் சமாச்சாரம்’ என்று கேலி செய்ததும் தங்கள் இதழே. (இறக்கத்தில் அதைச் சற்று நீட்டி முன்னால் ஊன்றிப் பாருங்கள், முட்டி வாழ்த்தும்.) ‘பழைய காலணியே உத்தமம்’ என்று ஒரு துணுக்கு வேறு. பரணில் பல வருடம் கிடந்த பூட்ஸின் பாலியுரித்தேன் என்னும் பிளாஸ்டிக் அடிப்பாகம் காற்றின் ஈரத்திலேயே நைந்து போகும். என் கணவருக்கு நடுவழியில் முழுதாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கினார். அப்போதே கடிதம் எழுதினேன், வரவில்லை. இடமில்லாமல் போயிருக்கும். கட்டுரையாளரின் முழுப்பக்கப் புகைப்படத்துக்கு மட்டும் அந்த இதழில் எப்படியோ இடம் கிடைத்திருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். பாதை விவரப் பெட்டியில் ஏறும் நேரத்தை மட்டுமே போடுகிறீர்கள். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன மலைநடை நேரக் கணக்கிலும் இறக்கத்துக்கென்று தனி நேரம் கிடையாது. அவர் கதை அந்தக் காலம். இனியாவது ‘இறங்கும் நேரம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அவசரத்தில் ஓட்டமும் நடையுமாக இறங்குகிறவர்கள், அதைப் பார்த்தாவது கொஞ்சம் முன்னதாகக் கிளம்புவார்கள்.

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள வேண்டும். காரணம் மேலே.

தங்கள் நெடுநாள் வாசகி