சாவி செய்ய வந்தால் கிராண்டு கேட்பது ஏன்?

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"இருபது வருசமா ஒங்கிட்டதான் சாவி வெட்டுறேன். என்னையே ஐசி கேக்குறியா தம்பி?" போன மாதம் எல்பில் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் இப்படிக் கேட்டுவிட்டு, சாவி செய்யாமலேயே போய்விட்டார். அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எனக்கு அவரைத் தெரியும். அவருக்கு மட்டுமல்ல, இன்னும் நாலைந்து பேருக்கும் எங்கள் மேல் மனத்தாங்கல். சிப்பு சாவி (மின்னணுச் சில்லு வைத்த வண்டிச் சாவி) செய்ய யார் வந்தாலும் வண்டியின் கிராண்டையும் (பதிவுப் பத்திரம்) உரிமையாளரின் ஐசியையும் (அடையாள அட்டை) காட்ட வேண்டும் என்று நாங்கள் வைத்திருக்கும் விதிதான் காரணம். அந்த விதியை நாங்கள் மாற்றப் போவதில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அதோடு, உங்கள் வண்டியை நீங்களே காத்துக்கொள்ளச் செய்யக்கூடியதையும் எழுதுகிறேன்.

நம் ஊர் அம்மா ஒருவர், பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் மகனுக்கு ஒரு பழைய மைவி கார் வாங்கிக் கொடுத்தார். விற்றவர் ஒரு சாவிதான் கொடுத்தார். இன்னொன்று தொலைந்துவிட்டது என்றார். எட்டு மாதம் கழித்து, தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீட்டு வாசலில் நின்ற வண்டி விடியற்காலையில் இல்லை. தரையில் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டு நாயைத் தவிர யாரும் எதையும் கவனிக்கவில்லை. அந்த அம்மா மறுநாள் மிச்சமிருந்த ஒற்றைச் சாவியோடு எங்கள் கடைக்கு வந்து, "இது எங்கிட்ட இருக்கும்போது காடி எப்படிப்பா போச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த மடல்.

உங்கள் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்னச் சிப்பு இருக்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. சாவியைத் துளையில் விட்டதும், துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதற்குச் சக்தி கொடுக்கிறது. சிப்பு தன் எண்ணைச் சொல்கிறது. வண்டியின் கணினி தன்னிடம் பதிந்துள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போனால்தான் என்ஜினை ஓடவிடும். இதைத்தான் இம்மொபிலைசர் என்கிறோம். ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயம். நம் நாட்டுக் கஞ்சில் காரிலும் பழைய சாகா இஸ்வாரா காரிலும் இந்தச் சிப்பு கிடையாது. வயரைப் பிடுங்கி உரசி ஸ்டார்ட் செய்யும் பழைய திருட்டை இம்மொபிலைசர் நன்றாகவே தடுத்தது. அதனால் திருடன் வேறு வழிக்குப் போனான். வண்டியை ஏமாற்றுவதற்குப் பதிலாக, வண்டிக்குப் புதுச் சாவியை அறிமுகப்படுத்திவிடுகிறான்.

ஸ்டீரிங்குக்குக் கீழே, உங்கள் முழங்காலுக்கு மேல் பக்கம், 16 துளை உள்ள ஒரு பிளக் இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் கோளாறு பார்க்கக் கருவியைச் செருகும் இடம் அதுதான். அமெரிக்காவில் 1996 முதல் புகைச் சோதனைக்காக இதைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு உலகம் முழுக்கப் பரவியது. எளிதில் கைக்கு எட்ட வேண்டும் என்றே அந்த இடத்தில் வைத்தார்கள். பல வண்டிகளில் புதுச் சாவியைப் பதிவதும் அதே துளை வழியாகத்தான். அந்தக் கருவி எங்கள் கடையிலும் இருக்கிறது. அதை வைத்துத்தான் நாங்கள் சோறு சாப்பிடுகிறோம். எங்கள் கையில் இருப்பது உதவி, இன்னொருவன் கையில் இருப்பது திருட்டு. இரண்டையும் பிரிப்பது நீங்கள் காட்டும் அந்தக் கிராண்டும் ஐசியும்தான். வாகனத் திருட்டுக்குத் தண்டனைச் சட்டம் 379ஏ பிரிவில் ஓராண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை இருக்கிறது. அப்படியொரு காரியத்துக்கு எங்கள் கடைச் சாவி துணைபோகக் கூடாது.

உங்கள் பக்கத்தில் முதல் வேலை, வண்டிக்கு எத்தனை சாவி தெரியும் என்று பார்ப்பது. பல வண்டிகளில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்பதைக் கருவி காட்டிவிடும். உங்கள் கையில் இரண்டு இருந்து, வண்டி மூன்று என்று சொன்னால், அந்த மூன்றாவது எங்கோ ஒருவர் பையில் இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கையில் இருப்பதை மட்டும் திரும்பப் பதிந்துகொள்ளலாம். பழைய வண்டி வாங்கியவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அந்த அம்மாவுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. வண்டி வாங்கிய அன்று பார்த்திருந்தால் நானே சொல்லியிருப்பேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. புது வண்டியோடு வரும் சாவிக் கொத்தில் எண் பொறித்த ஒரு சின்னத் தகடு தொங்கும். சாவி வெட்டும் எண் அது. கழற்றி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். புது வண்டி எடுத்த சந்தோசத்தில் சாவியைப் படம் பிடித்துப் போடாதீர்கள். படத்தைப் பார்த்தே பல்லை வெட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது அந்த 16 துளை. அதன் மேல் மாட்டும் இரும்பு மூடி கடைகளில் கிடைக்கிறது. நீங்களே மாட்டிக்கொள்ளலாம். அதைத் திறக்கும் சாவியை மட்டும் வண்டிக்குள் வைக்காதீர்கள். ஃபியூஸைக் கழற்றி வைக்கும் பழக்கமும் சிலருக்கு உண்டு. 16-ஆம் துளைக்கு வண்டிப் பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். அந்த ஃபியூஸை எடுத்தால் கருவி உயிர் பெறாது. எந்த ஃபியூஸ் என்று வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். பல வண்டிகளில் அதே ஃபியூஸ்தான் உள் விளக்குக்கோ சிகரெட் லைட்டருக்கோ போகும், ஆகவே எடுத்த பின் வேறு எது வேலை செய்யவில்லை என்று கவனியுங்கள். கருவிக்குத் தன் சொந்தப் பேட்டரி இருந்தால் இது அதைத் தடுக்காது. அதனால் இதைப் பாதித் தடுப்பு என்றே சொல்வேன்.

பாதி என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு லண்டனில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022-இல் இயன் தாபர் என்பவருடைய டொயோட்டா ராவ்4 காணாமல் போனது. அவரே வாகனக் கணினிப் பாதுகாப்பில் வேலை செய்பவர். அதற்கு முன்பே முன்விளக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக்கைப் பெயர்த்து வயரை யாரோ பிடுங்கியிருந்தார்கள். வெறும் சேட்டை என்று நினைத்தார். பிறகுதான் புரிந்தது: விளக்கு வயர் வழியாகவே வண்டியின் உள் வலைப்பின்னலுக்குள் நுழைந்து, "சரியான சாவி வந்துவிட்டது" என்று பொய்ச் செய்தி அனுப்பும் கருவி இருக்கிறது. புளூடூத் ஸ்பீக்கர் கூட்டுக்குள் ஒளித்து விற்கிறார்கள். அந்த வலைப்பின்னல் முறையை போஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்டது; வயருக்குள் வரும் செய்தி யாரிடமிருந்து வருகிறது என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் வைக்கப்படவில்லை. ஆக, டேஷ்போர்டுக்குக் கீழே மட்டும் பூட்டுப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுக்க முடியாது. உங்கள் வண்டியின் முன்விளக்கோ பம்பரோ காரணமில்லாமல் தளர்ந்திருந்தால் அன்றே பாருங்கள்.

வண்டியின் கணினி யார் சொன்னாலும் நம்பிவிடும் என்றால், கணினிக்கே தெரியாத ஒன்று வண்டியில் இருக்க வேண்டும். எந்தக் கையேட்டிலும் இல்லாத, ஒவ்வொரு வண்டியிலும் வேறு வேறு இடத்தில் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன சுவிட்ச்; அதைப் போட்டால்தான் வண்டி ஓடும். என் அனுபவத்தில் இதற்கு இணையாக வேறெதுவும் இல்லை. பலர் அதைப் பெட்ரோல் பம்பு வயரில் போடச் சொல்கிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன். செம்பனைத் தோட்ட ஓரத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு எலியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வயரை எலி கடித்தாலோ சுவிட்ச் தளர்ந்தாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் நின்றுபோகும். ஸ்டீரிங் கனத்துவிடும், பிரேக் மிதி அழுத்தக் கடினமாகிவிடும், பின்னால் குலை ஏற்றிய லாரி வந்துகொண்டிருக்கும். ஸ்டார்ட்டர் ரிலே (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் மின் சுவிட்ச்) வயரில் போட்டால், கெட்டுப்போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான். நின்ற இடத்தில் பத்திரமாக நிற்கும்.

பல ரிலேக்களில் கால்களுக்குப் பக்கத்தில் எண்கள் பொறித்திருக்கும். 30-உம் 87-உம் கனமான மின்சாரம் போகும் கால்கள்; அவற்றைத் தொடாதீர்கள். 85, 86 இரண்டும் ரிலேயை இழுக்கும் சுருளின் கால்கள். அதில் ஓடுவது ஓர் ஆம்பியரில் கால்பங்குகூட இராது. சின்ன சுவிட்சே தாங்கும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றினால் போதாது, நம் ஊர் வெயிலில் பசை இளகி வழிந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள். மஞ்சள் நிறப் பிளக் எதைக் கண்டாலும் கையை எடுத்துவிடுங்கள், அது ஏர்பேக். பல ஹைப்ரிட் வண்டிகளில் தனி ஸ்டார்ட்டரே கிடையாது; அவற்றில் இந்த வேலை வேண்டாம். வாரண்டி முடியாத வண்டி என்றால் சர்வீஸ் சென்டரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

சுவிட்சை எங்கே வைத்தீர்கள் என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள். நாங்கள் செய்து கொடுத்தாலும் இடத்தைப் பில்லில் எழுத மாட்டோம். ஸ்டீரிங்குக்குக் கீழே மட்டும் வேண்டாம், திருடனின் கை முதலில் போகும் இடம் அது.

வயரில் கை வைக்கப் பயமாக இருந்தால் இன்னொரு வழி. தீபாவளிக்கு வண்டியை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறீர்களா? பானெட்டுக்குள் உள்ள ஃபியூஸ் பெட்டியில் ஸ்டார்ட்டர் ரிலே இருந்தால், அதையே பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். காசு செலவே இல்லை. திரும்பி வந்து அதே இடத்தில் செருகினால் போதும்.

பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கும்போதே, ஒருவன் கதவருகே ஒரு பெட்டியும் இன்னொருவன் வண்டியருகே ஒரு பெட்டியும் வைத்து, இடையில் அலையை நீட்டி வண்டியைத் திறக்க முடியும். சாவியை வாசற்கதவுப் பக்கம் மாட்டாதீர்கள். மூடியுள்ள மைலோ டின் போதும். உலோகத்துணிப் பையும் விற்கிறது. எதுவானாலும் சோதித்துப் பாருங்கள்: சாவியை உள்ளே வைத்து மூடி, டின்னோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்று கதவைத் தொடுங்கள். திறந்தால் அந்த டின் உதவாது. டொயோட்டா சாவிகள் பலவற்றில், பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே திறக்கும் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் சிறு விளக்கு நாலு முறை மின்னி, சாவி தூங்கிவிடும். காலையில் ஏதாவதொரு பொத்தானை அழுத்தினால் எழுந்துகொள்ளும்.

ஸ்டீரிங் பூட்டு பழையது என்று ஒதுக்காதீர்கள். அதை அறுக்கலாம், ஆனால் சத்தம் வரும், நேரம் ஆகும். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய் எங்கோ தூரத்தில் வண்டியை நிறுத்தும் நாளில், பூட்டுப் போட்ட வண்டியை விட்டுவிட்டுப் பக்கத்து வண்டிக்குப் போகத்தான் திருடன் பார்ப்பான். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பத்து நிமிட வேலை என்றாலும் போடுங்கள்.

கிராண்டை டேஷ்போர்டுப் பெட்டியில் வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். 2023 முதல் ரோட் டெக்ஸே கைப்பேசியில் வந்துவிட்டது. வண்டிக்குள் காகிதம் எதற்கு? சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் எழுதி வீட்டில் வையுங்கள். வண்டி போனால் பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) உடனே புகார் கொடுக்க அவைதான் கை கொடுக்கும். காப்புறுதி எந்த வகை என்றும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். தர்ட் பார்ட்டி மட்டும் என்றால் திருட்டுக்கு ஒரு காசும் வராது. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அதுதான் இருக்கிறது.

சாவி எண்ணிக்கை பார்ப்பதற்கு எங்கள் கடையில் இனி காசு வாங்க மாட்டோம். சனிக்கிழமை காலையில் வாருங்கள். அன்று கூட்டம் குறைவு. வீட்டில் உள்ள எல்லாச் சாவியையும் கொண்டு வாருங்கள், அலமாரியில் கிடக்கும் உடைந்த சாவியையும் சேர்த்து. கிராண்டையும் ஐசியையும் மறக்காதீர்கள். எல்பில் தோட்டத்துப் பெரியவருக்கு: ஐயா, உங்கள் சாவிக்கான சிப்பை எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் வர முடியாவிட்டால் கடையை அடைத்த பிறகு நானே உங்கள் லயத்து வீட்டுக்கு வந்து செய்து தருகிறேன். கிராண்டையும் ஐசியையும் மட்டும் எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் சாவிக் கடைக்காரர்