குழந்தை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழந்தைகள் நல மருத்துவர்களுக்கு,

வணக்கம். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், பயப்படாதீங்கம்மா" என்று சொல்வதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதைச் சொல்ல வீட்டில் மாமியார் இருக்கிறார், எதிர்வீட்டு அக்கா இருக்கிறார். டோக்கன் போட்டுக் காத்திருந்து உங்களிடம் வருவது வேறு பதில் கேட்க.

இரண்டு வயதில் என் மகன் தண்ணீர் கேட்க மாட்டான்; என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்தின் மேல் வைப்பான். நிலாவைக் காட்டிச் சோறூட்டினால் காட்டிய பக்கம் திரும்பவே மாட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். எடை பார்த்து, டானிக் எழுதி அனுப்பினார்கள். பேசாத குழந்தைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குப் பெரா டெஸ்ட் இருக்கிறது என்பதைக்கூட இன்னொரு தாய் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கூட்டத்தில் நேரமில்லை என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் 16 முதல் 24 மாதத்துக்குள் பூஸ்டர் ஊசிக்குக் குழந்தை எப்படியும் வருகிறதே! பேச்சையும் பிறரோடு பழகுவதையும் பாதிக்கும் ஆட்டிசத்தின் அறிகுறிகளைக் கண்டறியும் எம்-சாட் கேள்வித்தாள் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. மொத்தமே 20 கேள்விகள். வெளியே உட்கார்ந்திருக்கும்போதே ஆம், இல்லை என்று டிக் அடித்துத் தந்துவிடுவோம். அதில் மதிப்பெண் கூடினாலே ஆட்டிசம் என்று ஆகிவிடாது என்பதை மட்டும் நீங்கள் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

சந்தேகம் வந்தால் சீட்டில் ஒரு வரி எழுதுங்கள்: மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறந்தது முதல் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். அந்த மையத்தின் ஆங்கிலச் சுருக்கமான டி.இ.ஐ.சி. என்று விசாரித்தால் அரசு ஆஸ்பத்திரியில் வழி காட்டுவார்கள். இது தெரியாமல், தனியார் தெரபிக்கு நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் உண்டு. இன்ன குறைபாடு என்று உறுதியாகும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று, மாற்றுத்திறனாளி சான்றிதழ். 'பிள்ளைக்கு முத்திரை குத்திடுவாங்க' என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அக்கம்பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது நம் விருப்பம். நான் சொன்னால் என் மாமனாரே கேட்க மாட்டார். டாக்டர் சொன்னால் கேட்பார்.

எம்-சாட் தாளை இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஊசி போடும் அறை வாசலில் ஒரு கட்டு வையுங்கள். பேனா நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு தாய்