பன்னிரண்டு குளிசைக் காலத்தில் கூட நின்றவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன கிளினிக்கில் டொக்டர் பிரெட்னிசொலோன் என்ற என் ஸ்டீரோய்டு மருந்தை நாளுக்கு 5 மில்லிகிராமாகக் குறைத்தார். அதாவது ஒரேயொரு குளிசை. 2022 தொடக்கத்தில் காலைச் சாப்பாடு முடித்த கையோடு 12 விழுங்கினேன். இப்போது அந்த ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது உங்கள் முகங்கள்தான் வந்தன. வெள்ளவத்தைச் சந்தியில் கண்டால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிற விஷயமில்லை இது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது பெம்பிகஸ். தோல் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் புரதத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் வருத்தம். வாய்க்குள் தொடங்கியது. சொதியில் ஊறிய இடியப்பம்கூட எரிந்தது. பிறகு முதுகிலும் நெஞ்சிலும் கொப்புளம் கட்டி உடைந்தது. தொற்றாத வருத்தம்தான், ஆனாலும் தெரியாமல் விலகி இருந்தவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஸ்டீரோய்டு தொடங்கி மூன்றாம் கிழமை பாணும் பருப்பும் சாப்பிட்டேன். 1950களில் இந்த மருந்து வருமுன் பெம்பிகஸ் வந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. ஆகவே மருந்தை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அதே மருந்துதான் என்னை வேறொரு ஆளாக்கியது. கன்னம் உருண்டு கண் சிறுத்தது. பிடரிக்குக் கீழே சதை வைத்தது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை நித்திரையில்லை. மத்தியானத்துக்குப் பிறகு சீனி ஏறும். தொடையில் பலம் போய், கோயிலில் தரையில் இருந்தால் தூணைப் பிடித்துத்தான் எழும்புவேன். பையின் கைப்பிடி அழுத்தினாலே கை கண்டிப்போகும்.

மகள், உன்னிடம் காரணமில்லாமல் கத்தியிருக்கிறேன். உப்புக் குறைத்து நீ வைத்த மீன்குழம்பைத் தட்டோடு தள்ளியிருக்கிறேன். நீ அடுத்த நாளும் உப்புக் குறைத்தே வைத்தாய். அதற்கு நன்றி, பிள்ளை.

தையல்கார ஐயா, இரண்டு மாதத்துக்குள் சேலைச் சட்டை ஒன்றும் ஏறாமல் உங்களிடம் வந்தேன். கடையில் வேறு மூன்று பேர் நின்றார்கள். வழமையாக நாடாவைச் சுற்றி அளவைச் சத்தமாகச் சொல்வீர்கள், பெடியன் எழுதுவான். அன்று நீங்களே காதிலிருந்த பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டீர்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன் ஐயா, கவலையில் இல்லை.

அப்புறம் அந்தக் கலியாண வீடு. கூடப் படித்தவள் ஒருத்தி பக்கத்துக் கதிரையில் அரை மணி நேரம் இருந்தும் என்னை மட்டுக்கட்டவில்லை. அன்றிரவே யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்தினேன். அது எவ்வளவு பிழை என்று இப்போது தெரியும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் இரண்டு சுரப்பிகள் இந்த மருந்தைப் போன்ற ஒரு ஹோர்மோனை நமக்குச் சுரந்து தருகின்றன. மாதக்கணக்கில் வெளியிலிருந்து மருந்து வந்தால் அவை வேலையை விட்டுவிடும், மறுபடி தொடங்க நாளெடுக்கும். அதனால்தான் படிப்படியாகக் குறைக்கிறார்கள். ஐந்தாம் நாள் சத்தியும் மயக்கமுமாகக் குசினியில் விழுந்தேன்.

மேல்வீட்டு அக்கா, சத்தம் கேட்டு ஓடி வந்தது நீங்கள். என் தமிழும் உங்கள் சிங்களமும் பாதிப் பாதிதான் விளங்கும். ஆனாலும் மேசையில் கிடந்த கிளினிக் கொப்பியை மறக்காமல் கையோடு எடுத்தீர்கள். அதைப் பார்த்தபடியால்தான் அவசரப் பிரிவில் தாமதமில்லாமல் அந்த ஹோர்மோனையே ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசியாகப் போட்டார்கள். அதற்குப் பிறகும் எத்தனை இரவு, என் வீட்டு விளக்கு எரிவதைக் கண்டு வெறுந்தேநீரோடு இறங்கி வந்து, "நங்கி, படுக்கவில்லையா" என்று கேட்டிருப்பீர்கள்!

கிளினிக் மிஸ், நீங்கள் ஏசவில்லை. சிற்றூழியரிடம் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதினீர்கள்: "நிறுததக் கூடாது". ஒரு புள்ளி விடுபட்டிருக்கிறது. நான் இன்றுவரை திருத்தவில்லை, திருத்தவும் மாட்டேன். காய்ச்சல் வந்தால் பேசாமல் இருக்காமல் உடனே வந்து காட்டச் சொன்னதும், கண்ணைச் சோதிக்க அனுப்பியதும், கல்சியம் குளிசையை ஒவ்வொரு முறையும் ஞாபகப்படுத்தியதும் நீங்கள்தான்.

பார்மசித் தம்பி, மருந்துத் தட்டுப்பாட்டு நாட்களில் "இல்லை" என்று என்னை அனுப்பியிருக்கலாம். கொட்டாஞ்சேனைவரை போன் போட்டுத் தேடி இரண்டு அட்டை எடுத்து வைத்தீர்கள். ஒரு சதம் கூட்டி வாங்கவில்லை.

ஓட்டோத் தம்பி, பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் வந்த புதிதில் உங்களுக்குக் கிடைத்தது கிழமைக்கு 5 லீற்றர். அதுதான் உங்கள் வீட்டுச் சோறு. அதில் என் கிளினிக் நாளுக்கென்று ஒதுக்கி வைத்ததை உங்கள் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். நீங்கள் சொல்லவேயில்லை.

அடுத்த கிளினிக் வாற வியாழக்கிழமை. 6 மணிக்கு வந்தால் சரி தம்பி. இந்த முறை படியிறங்க உங்கள் கை வேண்டியிருக்காது.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் சகோதரி