வசந்தாவுக்கு, பிளைட்டனைப் பற்றி

கோத்தகிரி,
ஜனவரி 9

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதைப் படித்ததும் நிம்மதி. இங்கே இரவெல்லாம் உறைபனி. பள்ளத்துத் தேயிலை கருகிவிட்டது. பகலில் நல்ல வெயில் அடிப்பதால் பூஞ்சை பிடித்த புத்தகங்களை முற்றத்தில் பாய் விரித்துக் காயவைத்து வருகிறேன்.

நாம் சிறுவயதில் படித்த ஆங்கிலக் குழந்தைக் கதைகளின் ஆசிரியர் எனிட் பிளைட்டனைப் பற்றி நீ எழுதியதற்கு உடனே பதில் சொல்ல மனம் வரவில்லை. அவருக்குத் தாய்மை உணர்வே இருக்கவில்லை என்று இளைய மகள் இமோஜன் 1989இல் புத்தகமே எழுதினார். மூத்தவர் ஜில்லியனோ அன்பான அம்மா என்றுதான் கடைசி வரை சொன்னார். யார் சொல்வது பொய் என்று கேட்கிறாய். எனக்கு இருவரையும் நம்ப முடிகிறது. அக்காவும் நானும் எங்கள் அம்மாவைப் பற்றிப் பேசினால், கேட்பவர்கள் இரண்டு வேறு பெண்களைப் பற்றிய பேச்சு என்றே நினைப்பார்கள்.

என்னை வதைப்பது வேறொன்று. அவருடைய ஃபேமஸ் ஃபைவ் சிறுவர் சாகசக் கதை வரிசையின் முதல் புத்தகம் வந்தது 1942இல். அதே ஆண்டில்தான் முதல் கணவர் ஹியூ பொல்லாக்குடன் விவாகரத்து. ஜில்லியனுக்கு 11 வயது, இமோஜனுக்கு 7. அதன்பின் அந்த மனிதரைத் தம் மகள்களைப் பார்க்கவே பிளைட்டன் விடவில்லை. இத்தனைக்கும், பிளைட்டனுக்கு ஏறக்குறைய 13 வயதாக இருந்தபோது அவருடைய அப்பா வேறொரு பெண்ணுக்காக வீட்டை விட்டுப் போனவர். அப்பா இல்லாத வீடு எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் அதையே தம் பிள்ளைகளுக்குச் செய்தார். இதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. முகம் தெரியாத குழந்தைகள் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் பதில் போட்டவர், சொந்தப் பிள்ளைகளை ஆயாக்களிடம் விட்டுவிட்டு மடியில் தட்டச்சுப் பொறியை வைத்துக்கொண்டு நாள் முழுதும் எழுதினார். அந்தக் கதைகளில் சத்தம் கேட்டாலே சீறும் குவென்டின் மாமாவை இப்போது படித்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஆனால் அதே கதைகளில் வரும் சிறுமி ஜார்ஜை எப்படி விடுவது, வசந்தா? ஜார்ஜினா என்று கூப்பிட்டால் திரும்பியே பார்க்காதவள். தானே படகு வலித்துத் தன் தீவுக்குப் போனவள். பொழுது சாயுமுன் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட நமக்கு, அப்படியும் ஒரு பெண் இருக்கலாம் என்று முதலில் காட்டியவள் அவள்தானே. சோலைக்குள் ஒற்றையடிப் பாதை தேடி அலைந்தோமே, அந்தத் துணிச்சல் வேறு எங்கிருந்து வந்தது?

அவரை மன்னித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அந்த உரிமை நமக்கு இல்லை. அது இமோஜனுக்கும், மகள்களைப் பார்க்க முடியாமலே போன அந்த அப்பாவுக்கும் உரியது. நமக்கு அவர் ஒரு தீங்கும் செய்யவில்லை. அவர் கொடுத்ததைக் கொடுத்தார் என்று சொல்வதும், செய்தது கொடுமை என்று சொல்வதும் எனக்கு ஒன்றையொன்று தடுக்கவில்லை. வலி மட்டும் இருக்கத்தான் செய்கிறது.

உன் பேத்திக்கு அந்தப் புத்தகங்களைத் தாராளமாகக் கொடு. கொஞ்சம் வளர்ந்து, எழுதியவரைப் பற்றி அவளாகவே கேட்டால் எதையும் மறைக்காதே. என்னிடமுள்ள முதல் புத்தகத்துக்கு அட்டை போய்விட்டது. பைண்ட் செய்து பொங்கல் கழிந்து தபாலில் அனுப்புகிறேன். அவளுக்கு ஜார்ஜைப் பிடிக்கிறதா, கதையின் இன்னொரு சிறுமி ஆன் என்பவளைப் பிடிக்கிறதா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
சரோஜா