அடுப்பையும் கணக்கில் சேருங்கள்: ஒன்றியக் கல்வி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றியக் கல்வி அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் 'சத்துணவு டீச்சர்' என்று கூப்பிடுவார்கள். அரிசி அளந்து கொடுப்பது, காய் வாங்குவது, எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று அன்றன்றைக்குக் கணக்கு எழுதுவது, இதுதான் என் வேலை. அந்தக் கணக்கைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுப் பொருட்செலவு 6 ரூபாய் 78 காசு என்று 2025 மே 1 முதல் நிர்ணயித்தீர்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 10 ரூபாய் 17 காசு. நூற்றுக்கு அறுபது பங்கு உங்களுடையது, நாற்பது மாநிலத்துடையது. அரிசி இதில் சேராது. ஆனால் சின்னப் பிள்ளைக்கு 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் எல்லாம் இந்த 6 ரூபாய் 78 காசுக்குள் வர வேண்டும். உப்பு, புளி, மிளகாய், மஞ்சள், கடுகு, விறகு அல்லது கேஸ், அத்தனையும் இதற்குள்தான்.

துவரம்பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வையுங்கள். 20 கிராமுக்கு 2 ரூபாய் 40 காசு. எண்ணெய் கிலோ 140 என்றால் 5 கிராமுக்கு 70 காசு. காய் கிலோ 40 ரூபாய்க்குக் கிடைத்தால் 50 கிராமுக்கு 2 ரூபாய். மிச்சம் 1 ரூபாய் 68 காசு. காய் 80 ரூபாய்க்குப் போய்விட்டால், அடுப்பு பற்றவைக்கும் முன்பே செலவு 7 ரூபாய் 10 காசு ஆகிவிடும்.

எங்கள் மாநிலத்தில் பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வந்துவிடும். முட்டையை மாநில அரசு தருகிறது. காய்க்கும் மளிகைக்கும் எரிபொருளுக்கும் மட்டும்தான் எங்கள் கையில் காசு. ஆகவே விலையேற்றத்தின் முழு அடியும் அந்தக் காசின்மேல்தான் விழும்.

2022 அக்டோபரில் நீங்கள் வைத்த 5 ரூபாய் 45 காசு, 2024 நவம்பர் முடியும்வரை 26 மாதங்கள் அப்படியே இருந்தது. நடுவில் 2023 ஜூலை வந்தது. தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் அரசே தக்காளி விற்க வேண்டி வந்தது. எங்கள் பள்ளியிலோ உணவுப் பட்டியலில் தக்காளி சாதம். தட்டு காலியாக இருக்கவில்லை. ஒரு நாளும் நாங்கள் அப்படி விட்டதில்லை. தக்காளியைக் குறைத்து, புளியைக் கூட்டிக் கிளறினோம். சாம்பாரில் காய் தேட வேண்டியிருந்தது. எங்கள் சமையலர் ஆயாம்மா தன் வீட்டு முருங்கை மரத்தில் கீரை ஒடித்துக்கொண்டு வந்து பருப்பில் போடுவார். அந்தக் கீரை எந்தப் பதிவேட்டிலும் ஏறியதில்லை. மளிகைக் கடையில் பற்று நோட்டு என் பெயரில் ஓடியது. மூன்று மாதம் கழித்துத்தான் அடைத்தேன்.

கிராமப்புறத் தொழிலாளர்களுக்கான விலைக் குறியீட்டைப் பார்த்துத்தான் தொகையை உயர்த்துவதாகச் சொல்கிறீர்கள். குறியீட்டைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அது நாடு முழுக்கப் பல ஊர் விலைகளைச் சேர்த்து எடுத்த சராசரி. சந்தையில் நான் சராசரி விலைக்கு வாங்க முடியாது, அன்றைய விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறீர்கள். முந்நூறு பிள்ளைகள் உள்ள பள்ளியில் அது ஓரளவு தாங்கும். மூட்டையாகக் காய் எடுத்தால் விலை குறையும், பெரிய அண்டாவில் ஒரே கொதியில் வெந்துவிடும். பதினெட்டுப் பிள்ளைகள் உள்ள மலையோரப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். மேலே சொன்ன 1 ரூபாய் 68 காசைப் பதினெட்டால் பெருக்கினால் 30 ரூபாய் 24 காசு. அதில்தான் எரிபொருளும் மளிகையும். மாதம் 22 நாள் பள்ளி நடந்தால் 665 ரூபாய். ஒரு சிலிண்டருக்குக்கூட அது போதாது. நாலு பிள்ளைகள் காய்ச்சலில் வராவிட்டால் காசு இன்னும் குறையும், அடுப்பு எரியும் நேரம் மட்டும் குறையாது. எந்தப் பள்ளியில் பிள்ளைகள் குறைவோ, எந்த ஊருக்குக் காய் வண்டி வருவது கடினமோ, அங்கேதான் இந்தக் கணக்கு அதிகமாக உதைக்கிறது. அங்கே படிப்பவர்களில் பலர் பழங்குடிப் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள்.

சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க 1920-இல் பிட்டி தியாகராயர் தீர்மானம் கொண்டுவந்தார். பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என்றார்கள். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று அன்றைய ஆங்கில அரசு சொன்னதால் 1925-இல் அது நின்றுபோனது. சோறு பிடிக்காமல் நிற்கவில்லை, கணக்குத் தலைப்பால் நின்றது. பிறகு 1956-இல் காமராசர், 1982-இல் எம்.ஜி.ஆர். என்று அந்த அடுப்பை மறுபடி மூட்டி வளர்த்தார்கள். சமைத்த சூடான உணவைத்தான் கொடுக்க வேண்டும் என்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இது எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் உரிமையாகவே எழுதப்பட்டுவிட்டது. உரிமை என்று எழுதிய பிறகு, அந்தத் தட்டுக்கு ஆகும் உண்மையான விலையைக் கொடுக்க வேண்டாமா?

சமையலர்களைப் பற்றியும் சொல்லாமல் முடிக்க என்னால் முடியாது. அவர்களுக்கு நீங்கள் வைத்த மதிப்பூதியம் மாதம் 1000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதம். 2009-இல் வைத்தது இன்னும் மாறவில்லை. பருப்புக்கு விலைக் குறியீடு பார்க்கிறீர்கள், அந்தப் பருப்பை வேகவைக்கும் பெண்ணுக்குப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் மாநில அரசு கூடுதலாகக் கொடுக்கிறது, அதுவும் நாங்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது. மாநிலம் கைவிட்டால் அந்த ஆயிரம்தான். புகையில் நின்று கண் எரிந்து, கொதிக்கும் அண்டாவை இரண்டு பேராகத் தூக்கி இறக்கும் வேலைக்கு அது கூலியாகாது.

ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் புதிய தொகையை அறிவித்துவிடுங்கள். காய் விலை எகிறும் மாதங்களில் இடைக்காலத் தொகை தர மாநிலங்களுக்கு வழி செய்யுங்கள். ஐம்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளுக்கு, எத்தனை பேர் வந்தாலும் மாறாத ஒரு தொகையை எரிபொருளுக்கென்று தனியே ஒதுக்குங்கள். சமையலர் மதிப்பூதியத்தையும் விலைவாசியோடு சேர்த்து உயர்த்துங்கள்.

என் இடத்தில் இப்போது வேறொரு பெண் இருக்கிறார். போன வாரம் பார்த்தேன். பற்று நோட்டு அவர் பெயருக்கு மாறியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர்